'கிளாஸ்' என்னும் ஒரு சொல்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழாவில் உரையாற்ற வேண்டும் என்று கழகத்தார் பணித்தபோது, எதைப் பற்றிப் பேசலாம் என்று கேட்டோம். "கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். கல்வியின் சிறப்பை இம்மேடையில் பலரும் பேசுவர். நம்மினும் நன்றாகப் பேசுவர். நாமோ ஒரு பள்ளி ஆசிரியர். முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையின் முன் நின்று ஆங்கிலப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பழகியவர். ஆகவே, பழகிய தொழிலையே இங்கும் செய்யலாம் என்று துணிந்தோம். ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டப் போகிறோம். ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்துகள் கொண்ட சிறு சொல். அதுதான் 'கிளாஸ்'.

"இதற்கு ஒரு சொற்பொழிவா? இச்சொல்லை அறியாதவர் யார்?" என்று நீங்கள் எண்ணக் கூடும். எழுத்தறியாத பாட்டியும் "பையன் எத்தனாவது கிளாஸ்?" என்று கேட்கிறாள். காப்பி நன்றாக இருந்தால் "பஸ்ட் கிளாஸ்" என்கிறோம். எவனாவது இழிவாக நடந்துகொண்டால் "தேர்டு கிளாஸ் புத்தி" என்கிறோம். இவ்வளவு பழகிய சொல்லுக்கு விளக்கம் எதற்கு?

அன்பர்களே! இந்தப் பழகிய சொல்லின் ஒரு பொருள் தெரியாமல் நாம் ஒரு வேலையை இழந்தவர். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஒரு விண்ணப்பத் தாள்

அது 1991ஆம் ஆண்டு. பி.ஏ. தேறியிருந்தோம். எங்கள் தெருவிலேயே பட்டம் பெற்ற முதல் ஆள். தந்தையார் பண்ணையில் கூலி வேலை செய்தவர். அவர் கடன் வாங்கித் தந்த பேருந்துக் கட்டணத்தோடு, நகரத்தில் ஓர் அலுவலகத்திற்கு எழுத்தர் வேலைக்கு மனுப் போடச் சென்றோம். விண்ணப்பத் தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. பெயர், தந்தை பெயர், பிறந்த நாள் எல்லாம் எழுதியாயிற்று. படிப்பு என்ற கட்டத்தில் பி.ஏ. என்றும், அடுத்த கட்டத்தில் தேறிய ஆண்டையும் எழுதினோம். அதற்கடுத்த கட்டத்தின் தலைப்பில் 'கிளாஸ்' என்றிருந்தது. நாம் சற்றும் தயங்காமல் 'எஸ்.சி.' என்று எழுதினோம்.

சாளரத்தின் பின்னால் இருந்த எழுத்தர் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு வரிசையில் நின்றவர்கள் அனைவருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார். "கிளாஸ் என்ன வாங்கினேன்னு கேட்டா எஸ்.சி.ன்னு எழுதியிருக்கே. பி.ஏ. படிச்சிருக்கே, கிளாஸ்னா என்னான்னு தெரியலையா தம்பி?" என்றார். வரிசை சிரித்தது. தேர்வில் பெற்ற தரத்தை, அதாவது முதல் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்பதை, அந்தக் கட்டம் கேட்டிருக்கிறது. 'செகண்ட் கிளாஸ்' என்று நாம் எழுதியிருக்க வேண்டும். வேறு தாள் கேட்டோம். தாள் தீர்ந்துவிட்டது என்றார்கள். அன்றுதான் கடைசி நாள். அடித்துத் திருத்திய தாளை வாங்க மறுத்துவிட்டார்கள். ஊர் திரும்பினோம்.

நமக்கு நேர்ந்த அவமானத்தைப் பெரிதுபடுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஏன் அப்படி எழுதினோம் என்பதை எண்ணிப் பாருங்கள். பள்ளியில் சேர்ந்த நாள் முதல் உதவித்தொகைத் தாள், விடுதித் தாள், மாற்றுச் சான்றிதழ் ஆகிய எல்லாவற்றிலும் நம்மைப் பற்றிக் கேட்கப்பட்ட முதற்கேள்வி "என்ன வகுப்பு?" என்பதே. ஆண்டுக்கு இருமுறை யாரேனும் ஒருவர் வகுப்பறை வாயிலில் நின்று, "எஸ்.சி. பையன்கள் எல்லாம் எழுந்திருங்க" என்பார். எழுந்து நிற்போம். 'வகுப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து நிற்கப் பழகிய மனம், 'கிளாஸ்' என்ற கட்டத்தைக் கண்டதும் அங்கேயும் எழுந்து நின்றுவிட்டது. பிழை நம்முடையதுதான், ஆனால் அந்தப் பிழையை நமக்குப் பதினைந்து ஆண்டுகள் கற்பித்திருந்தார்கள்.

அன்று மாலையே நூலகத்திற்குச் சென்று ஆங்கில அகராதியைப் புரட்டினோம். அந்த ஒரு சொல்லுக்குப் பத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கக் கண்டோம். அன்று தொடங்கிய தேடலைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

உரோமாபுரியில் பிறந்த சொல்

'கிளாஸ்' என்பது 'கிளாசிஸ்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. உரோம மரபின்படி, அந்நாட்டின் ஆறாம் அரசர் செர்வியஸ் துல்லியஸ் என்பவர் குடிமக்களை எண்ணிக் கணக்கெடுத்தார். அவரவர் சொத்தின் அளவை வைத்து அவர்களை ஐந்து பிரிவாக வகுத்தார். போர் வந்தால் எந்தப் பிரிவார் எந்த ஆயுதத்தோடு வரவேண்டும், எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்பதெல்லாம் அதன்படியே முடிவாயிற்று. அந்தப் பிரிவுக்குத்தான் 'கிளாசிஸ்' என்று பெயர். கப்பற்படையையும் அச்சொல் குறித்தது.

வாக்களிப்பதிலும் இப்பிரிவு புகுந்தது. மொத்தம் 193 வாக்குக் குழுக்கள் இருந்தன என்பர். அவற்றுள் குதிரைப் படையினருக்கு 18, முதல் வகுப்பாருக்கு 80, ஆக 98 குழுக்கள் செல்வரிடமே இருந்தன. அவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் மற்றவர் வாக்கை எண்ண வேண்டிய தேவையே இல்லை. சொத்தில்லாத ஏழைகள் அனைவருக்கும் சேர்த்து ஒரே ஒரு குழு. நாட்டுக்குப் பிள்ளைகளை மட்டுமே தரக்கூடியவர் என்ற பொருளில் அவர்களைப் 'புரோலிடேரி' என்றழைத்தனர். பிற்காலத்தில் பாட்டாளியைக் குறிக்கும் 'புரோலிடேரியன்' என்ற சொல் இதிலிருந்தே பிறந்தது. அடிமைகளோ எந்த வகுப்பிலும் சேராதவர்கள். அவர்கள் குடிமக்கள் கணக்கிலேயே இல்லை.

வகுப்புகளை அமைத்து, அவற்றுக்கும் வெளியே ஒரு கூட்டத்தை நிறுத்திவைக்கும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதை இதனால் அறியலாம். நால்வருணம் என்று சொல்லி, ஐந்தாமவர் என்று நம்மை வெளியே நிறுத்தினார்கள் அல்லவா? 'பஞ்சமர்' என்ற சொல்லுக்கு ஐந்தாமவர் என்பதே பொருள். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. உரோமாபுரியில் சொத்துச் சேர்ந்தால் மேல் வகுப்புக்குப் போகலாம். அடிமையும் விடுதலை பெற்றுக் குடிமகனாகலாம். இங்கே அந்த ஏணி வைக்கப்படவில்லை. 1916ஆம் ஆண்டு அமெரிக்கக் கொலம்பியப் பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் அண்ணல் அம்பேத்கர் இந்த வேற்றுமையைத்தான் சுட்டினார். ஒரு வகுப்பு தன்னைச் சுற்றிக் கதவடைத்துக்கொண்டால் அது சாதியாகிவிடுகிறது என்பது அவர் கண்ட உண்மை. அப்போது அவருக்கு வயது 25.

பள்ளிக்கு வந்த சொல்

இலத்தீனிலிருந்து இச்சொல் ஆங்கிலத்துக்குள் புகுந்தது. 1656இல் தாமஸ் பிளவுண்ட் என்பவர் வெளியிட்ட ஆங்கில அகராதியிலேயே, மக்களைப் படிநிலையாகப் பகுக்கும் பொருளும், பள்ளி மாணவர் குழுவைக் குறிக்கும் பொருளும் காணப்படுகின்றன. உழைக்கும் வகுப்பு, நடுத்தர வகுப்பு என்றெல்லாம் பேசும் வழக்கம் பிற்பாடு, ஆலைத் தொழில் பெருகிய 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வேரூன்றியது. 1848இல் மார்க்சும் எங்கெல்சும் வெளியிட்ட அறிக்கை இச்சொல்லை உலகெங்கும் கொண்டு சென்றது. அப்பொருளுக்குத் தமிழில் 'வர்க்கம்' என்கிறோம்.

தமிழில் 'வகுப்பு' என்னும் சொல் 'வகு' என்ற வேரில் பிறந்தது. வகுத்தல் என்றால் பிரித்தல். கணக்கில் வகுத்தல் என்பதும் இதுவே. பிள்ளைகள் படிக்கும் இடம் வகுப்பறை. உடன் படிப்பவன் வகுப்புத் தோழன். அதே சொல்லைக் கொண்டு 'வகுப்புக் கலவரம்' என்றும் சொல்கிறோம். 'வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம்' என்றும் சொல்கிறோம். ஒரே சொல் ஒருவனைத் தோழனாக்குகிறது. மற்றோரிடத்தில் பகைவனாகவும் ஆக்குகிறது. சொல்லைக் குறை கூறிப் பயனில்லை. அதைக் கையாளும் கையைப் பார்க்க வேண்டும்.

பள்ளி என்ற பொருளில் இச்சொல் நம்மவருக்கு எளிதில் கிட்டிவிடவில்லை. சென்னை அடையாற்றில் 1894இல் கர்னல் ஆல்காட் நம் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளியைத் தொடங்கினார் என்றால், பொதுப் பள்ளிகளின் கதவு எப்படி இருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். கதவு திறந்த இடத்திலும் வகுப்பறைக்குள் வேறொரு வகுப்பு இருந்தது. அண்ணல் அம்பேத்கர் சிறுவனாகப் படித்தபோது மற்றப் பிள்ளைகளோடு உட்கார இடமில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன கோணியை மூலையில் விரித்து அதில் அமர்ந்தார். மாலையில் அந்தக் கோணியைச் சுருட்டி வீட்டுக்கே எடுத்துச் செல்ல வேண்டும். பள்ளிச் சேவகர் குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர். அவர் வராத நாளில் தாகம். இவற்றை அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். வகுப்பறையின் உள்ளே இருந்தார். ஆயினும் வகுப்பில் அவர் இல்லை.

தேநீர்க் கடைக் கிளாஸ்

இங்கே தமிழ் எழுத்து செய்யும் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் வகுப்புக்கு ஒரு சொல். கண்ணாடிக் குவளைக்கு வேறொரு சொல். முதல் எழுத்தும் வேறு, ஒலியும் வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் 'கிளாஸ்' என்றே ஆகிவிடுகின்றன.

நாம் மூன்றாம் வகுப்பில் படித்தபோது தேர்வில் முதலாவதாக வந்தோம். ஓடிவந்து பாட்டியாரிடம், "ஆயா, கிளாஸ்ல நான்தான் முதல்!" என்றோம். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "எந்தக் கிளாசுடா? டீக்கடையில நமக்குன்னு வெளியில தொங்குதே, அந்தக் கிளாசா?" என்று கேட்டார்.

அவர் கேலி செய்யவில்லை. அவருக்குத் தெரிந்த கிளாஸ் அது ஒன்றுதான். கூரையின் ஓரத்தில் கம்பியில் மாட்டியிருக்கும், நாமே எடுத்து, நாமே கழுவி, நீட்ட வேண்டும், மேலிருந்து ஊற்றுவார்கள், குடித்தபின் கழுவி அதே கம்பியில் மாட்ட வேண்டும். தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955இலேயே வந்தது. 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறித் தண்டனையும் கடுமையாயிற்று. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. இத்தனைக்கும் நடுவே அந்தக் கம்பி பல ஊர்களில் நெடுங்காலம் தொங்கியது. அது தாமாக இறங்கவில்லை. படித்த பிள்ளைகள் போய்க் கேட்ட ஊர்களில்தான் முதலில் இறங்கியது. வகுப்புக்குப் போன கிளாஸ்தான் கம்பியில் தொங்கிய கிளாஸை இறக்கியது என்று சொன்னால் மிகையாகாது.

இரயிலிலும் அலுவலகத்திலும்

இனி மற்றப் பொருள்களைப் பார்ப்போம். இரயில் வண்டியில் வகுப்புகள் உண்டு. 1893இல் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில், முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்தும் காந்தியடிகள் இறக்கிவிடப்பட்டார். கையில் இருந்த சீட்டு ஒரு வகுப்பு. தோலின் நிறத்தைக் கொண்டு மற்றவர் அவருக்கு ஒதுக்கியது வேறு வகுப்பு. காசு கொடுத்து வாங்கும் வகுப்பும் பிறப்பால் சுமத்தப்படும் வகுப்பும் மோதினால் எது வெல்கிறது என்பதை அந்த இரவு காட்டிற்று.

நம் நாட்டு இரயில்களில் மூன்றாம் வகுப்பு 1974இல் நீக்கப்பட்டது. பெயர்ப் பலகைதான் முதலில் மாறியது. மர இருக்கை அப்படியே இருந்தது. 1977இல் இரயில்வே அமைச்சரான மது தண்டவதே அவர்கள் இரண்டாம் வகுப்புப் படுக்கைகளுக்கு மெத்தை வைக்க ஏற்பாடு செய்த பிறகே ஏழைப் பயணியின் முதுகு அந்த மாற்றத்தை உணர்ந்தது. பெயரை மாற்றுவது ஒரு வேலை. நிலையை மாற்றுவது வேறு வேலை. இரண்டும் தேவை என்றாலும் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் முடிந்துவிட்டதாக எண்ணுதல் கூடாது.

அரசு அலுவலகங்களிலும் ஒன்று முதல் நான்கு வரை வகுப்புகள் இருந்தன. 1970களின் நடுவில் மத்திய அரசு அவற்றை ஏ, பி, சி, டி தொகுதிகள் என்று மாற்றியது. ஆயினும் 'கிளாஸ் போர்' என்று இன்றும் நாவில் வருகிறது. துப்புரவுப் பணியாளர், காவலர், ஏவலர் ஆகியோரைக் குறித்த சொல் அது. அந்த நான்காம் வகுப்பில் நம் தந்தையரும் தாய்மாரும் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை இந்த அரங்கில் கையுயர்த்திக் காட்டச் சொன்னால் பாதிக்கு மேல் கைகள் உயரும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த ஊதியத்தில்தான் நமது புத்தகங்கள் வாங்கப்பட்டன.

உயிரியலும் செம்மொழியும்

அறிவியலில் இச்சொல்லுக்கு அழகிய பொருள் ஒன்று உண்டு. சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் உயிர்களை வகைப்படுத்தினார். நீங்கள் பாடத்தில் தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று படிக்கிறீர்கள் அல்லவா? அதில் வரும் 'வகுப்பு' என்பது இந்தக் கிளாஸ்தான். பாலூட்டிகள் என்ற வகுப்பின் பெயரை அவர் 1758இல் நிலைநிறுத்தினார். மனிதர் அனைவரும் ஒரே வகுப்பு, ஒரே வரிசை, ஒரே பேரினம், ஒரே சிற்றினம். லின்னேயஸ் கூட மனிதரை நிறத்தின்படி நான்காகப் பிரித்து ஒவ்வொருவருக்கும் ஒரு குணத்தைக் கற்பித்தார். பின்வந்த அறிவியல் அந்தக் கற்பனையைத் தள்ளிவிட்டு, சிற்றினம் ஒன்றே என்பதை மட்டும் வைத்துக்கொண்டது. பெரிய அறிஞர் சொன்னதாயினும் பிழையைத் தள்ளலாம் என்பதும் இதில் ஒரு பாடம்.

'கிளாசிக்' என்ற சொல்லையும் கேட்டிருப்பீர்கள். அதுவும் இதன் பிள்ளையே. உரோமில் முதல் வகுப்பைச் சேர்ந்த செல்வனைக் 'கிளாசிகஸ்' என்றனர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஔலஸ் கெல்லியஸ் என்னும் எழுத்தாளர், உயர்ந்த எழுத்தாளனைக் குறிக்க அச்சொல்லைக் கையாண்டார். வரி கட்டுவோன் பெயர் இலக்கியத்தின் பெயராயிற்று. 2004இல் மத்திய அரசு தமிழைச் செம்மொழி என்று அறிவித்தபோது, ஆங்கிலத்தில் 'கிளாசிக்கல்' என்றது இந்தச் சொல்லைத்தான். செல்வன் ஒருவனுக்கே உரியதாயிருந்த பட்டம், இன்று கழனியில் நாற்று நடும் தாயும் பேசும் மொழிக்குக் கிடைத்திருக்கிறது. சொற்களும் கைமாறும், அன்பர்களே!

நமக்கு இடப்பட்ட பெயர்

இப்போது நமக்கு மிக நெருங்கிய பொருளுக்கு வருகிறோம். ஆங்கிலேயர் காலத்து ஏடுகளில் நம்மை 'டிப்ரெஸ்டு கிளாசஸ்' என்று எழுதினர். தாழ்த்தப்பட்ட வகுப்பார் என்பது அதன் தமிழ். சிலர் 'தாழ்ந்த வகுப்பார்' என்றும் எழுதினர். இலக்கணம் படிக்கும் மாணவர்களே, இங்கே கவனியுங்கள்! 'தாழ்ந்த' என்பது தன்வினை; தானாகவே தாழ்ந்தது என்று பொருள்படும். 'தாழ்த்தப்பட்ட' என்பது செயப்பாட்டு வினை; தாழ்த்தியவர் ஒருவர் உண்டு என்பதை அது மறைமுகமாகச் சொல்லிவிடுகிறது. ஓர் எழுவாயைத் தேடச் சொல்லும் சொல் அது. 'தாழ்ந்த' என்று எழுதினால் குற்றம் நம்முடையதாகிவிடும். இலக்கணம் என்பது மதிப்பெண்ணுக்கு மட்டும் உரிய பாடமன்று என்பதை இதனால் உணர்க.

நம் முன்னோர்கள் பெயரின் வலிமையை அறிந்திருந்தார்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பிறர் இழிவாகச் சொன்ன பெயரையே தலைப்பாக வைத்துப் 'பறையன்' என்ற இதழை நடத்தினார். அயோத்திதாசப் பண்டிதர் வேறு வழியில் நமது பழைய வரலாற்றைத் தேடினார். எம்.சி. ராஜா அவர்களின் முயற்சியால் 1922இல் சென்னை மாகாண அரசு 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை ஏற்றது. இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் நம் பிரதிநிதிகளாக அமர்ந்தார்கள். 1931இல் அவர்கள் அளித்த துணைக் கோரிக்கையில், 'டிப்ரெஸ்டு கிளாசஸ்' என்ற பெயரை மாற்ற வேண்டும் என்றும் கேட்டார்கள். நாட்டின் அரசியல் அமைப்பையே பேசிக்கொண்டிருந்த மாநாட்டில், ஒரு பெயருக்காகவும் வாதாட அவர்கள் நேரம் ஒதுக்கினார்கள்.

1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தில் 'பட்டியல் சாதியினர்' என்ற பெயர் வந்தது. 1936இல் பட்டியல் வெளியாயிற்று. அரசியலமைப்பின் 341ஆம் பிரிவும் 1950ஆம் ஆண்டு ஆணையும் அதைத் தொடர்ந்தன. பட்டியல் என்றால் பெயர்களின் வரிசை, அவ்வளவே. அதில் இழிவு ஒன்றுமில்லை. உரிமை யாருக்குரியது என்று காட்டும் பட்டியல் அது.

சென்னை மாகாணத்தில் 1928ஆம் ஆண்டின் வகுப்புவாரி ஆணைப்படி 12 இடங்களில் ஓர் இடம் நம்மவருக்கு என்றிருந்தது. கல்லூரிச் சேர்க்கையில் வகுப்புவாரி முறை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1951இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து 15(4) என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய 'வகுப்பினர்க்கும்' பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் தனி ஏற்பாடு செய்யலாம் என்று அது கூறுகிறது. இன்று ஒரு மருத்துவக் கல்லூரியில் நம் பெண் ஒருத்தி இடம் பெறுகிறாள் என்றால், அவளுக்குப் பின்னால் நிற்பவை இந்தச் சொற்களே.

சட்டத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. 14ஆம் பிரிவு எல்லோரும் சமம் என்கிறது. தக்க காரணத்தோடும் தக்க நோக்கத்தோடும் மக்களை வகைப்படுத்தலாம். காரணமின்றி ஒரு வகுப்புக்கு மட்டும் சலுகையோ தண்டனையோ தரும் சட்டம் கூடாது என்பது நீதிமன்றங்கள் வகுத்த நெறி. நம் பட்டியலுக்குள்ளும் இக்கேள்வி எழுந்தது. பட்டியல் சாதியினர் அனைவரும் பிரிக்க முடியாத ஒரே வகுப்பு என்று 2004இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழகத்தில் 2009இல் 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமாயிற்று. 2024 ஆகஸ்டில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, உள்வகைப்படுத்தலாம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. இதைப் பற்றி நம்மிடையே பலவகைக் கருத்துகள் இருக்கலாம். ஒன்று மட்டும் சொல்வோம்: நமக்கு மேலே இருப்பவரிடம் நாம் கேட்ட நீதியை, நமக்குப் பின்னால் நிற்பவர் நம்மிடம் கேட்டால், கோபங்கொள்ளாமல் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அந்த அளவுக்கேனும் நாம் நேர்மையாளராக இருத்தல் வேண்டும்.

நாம் செய்த பிழை

அன்பர்களே! விண்ணப்பத் தாளில் செய்த பிழையைச் சொன்னோம். அதைவிடப் பெரிய பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ஆசிரியப் பணியில் சேர்ந்த முதல் ஆண்டு. உதவித்தொகைத் தாள்கள் வந்தன. நாமும் வகுப்பறையில் நின்று, "எஸ்.சி. மாணவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றோம். நம்மை நிற்க வைத்தவர்கள் சொன்ன அதே சொற்கள், நம் வாயிலிருந்தே வந்தன. பதினோரு பிள்ளைகள் எழுந்தார்கள். பதிவேட்டில் பன்னிரண்டு பெயர்கள். பன்னிரண்டாமவன் கடைசி வரிசையில் தலைகுனிந்து ஏதோ எழுதுவது போல இருந்தான். நாம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். எழுந்தான். அதன்பின் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை.

அவன் வீட்டுக்குச் சென்றோம். அவனுடைய தாயார், "உதவிப் பணம் வேணாம் சார், புள்ள படிச்சா போதும்" என்றார். அன்றுதான் நமக்கு விளங்கிற்று. உரிமையைத் தருவதற்கும் ஒரு முறை உண்டு. மானத்தைப் பறித்துக்கொண்டு தரும் உரிமையைப் பிள்ளைகள் வாங்க மறுப்பார்கள். அதன்பின் இன்றுவரை நாம் பணியாற்றும் பள்ளியில் எவரையும் எழுந்து நிற்கச் சொல்வதில்லை. தாள்களை ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியே கொடுத்து, தனியே வாங்குகிறோம். கூடுதலாக இரண்டு மணி நேரம் ஆகிறது, அவ்வளவுதான்.

அந்த மாணவன் திரும்பி வந்தானா என்று கேட்பீர்கள். வந்தான். படிப்பை முடித்தான்.

நீங்கள் செய்ய வேண்டுவன

இளைஞர்களே! முடிவாக உங்களுக்குச் சில சொற்கள். ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சாதீர்கள். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் என்று எண்ணாதீர்கள். சொல் தனியே நின்றால் ஊமை. பக்கத்தில் நிற்கும் சொற்களே அதைப் பேச வைக்கின்றன. 'கிளாஸ்' என்ற கட்டம் பி.ஏ.வுக்குப் பக்கத்தில் இருந்தால் அது தேர்ச்சித் தரத்தைக் கேட்கிறது. இரயில் சீட்டில் இருந்தால் இருக்கையைக் கேட்கிறது. கணக்குப் பாடத்தில் 'கிளாஸ் இன்டர்வெல்' என்றால் பிரிவு இடைவெளி. கணிப்பொறிப் பாடத்தில் ஒரே வகைப் பொருள்களுக்கான அச்சு. முன்னும் பின்னும் பார்த்துப் பொருள் கொள்ளுங்கள். ஐயம் தோன்றினால் கேளுங்கள். கேட்பவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இருப்பார்கள். அந்தச் சிரிப்பு ஒரு நிமிடம், பொருள் தெரியாத குறையோ வாழ்நாள் முழுவதும்.

இக்கழகத்தின் மாலை வகுப்பில் ஓர் அகராதி வைத்திருக்கிறார்கள். அதன் ஓரங்கள் தேய்ந்திருக்க வேண்டும். இன்னும் புதிதாகவே இருக்கிறது. அடுத்த விழாவுக்குள் அது கிழிந்துபோனால் புதிய அகராதி வாங்கித் தருவது நம் பொறுப்பு.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். பிள்ளையைத் திட்டும்போதும் 'தேர்டு கிளாஸ்' என்று சொல்லாதீர்கள். மூன்றாம் வகுப்பை இரயில்வேயே எடுத்துவிட்டது. நம் வீட்டில் அதை ஓட்ட வேண்டாம்.

யாரேனும் உங்களைப் பார்த்து "நீ என்ன கிளாஸ்?" என்று கேட்டால் கலங்காதீர்கள், உடனே எழுந்தும் நிற்காதீர்கள். "எந்தப் பொருளில் கேட்கிறீர்கள், ஐயா?" என்று பணிவோடு திருப்பிக் கேளுங்கள். படிப்பின் தரத்தைக் கேட்டால், உழைத்துப் பெற்றதைச் சொல்லுங்கள். சட்டப்படி உரிமைக்காகக் கேட்டால், பட்டியலில் உள்ளதைத் தலைநிமிர்ந்து சொல்லுங்கள். இழிவுபடுத்தக் கேட்டால், உயிரியல் ஆசிரியர் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லுங்கள்.

1991இல் அந்தச் சாளரத்தின் முன் இப்படிக் கேட்க நமக்குத் தெரியவில்லை. உங்களுக்கு இன்று தெரியும். இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் விளக்கேற்றி வகுப்பு நடத்தியது இதற்காகத்தான்.

கழகம் வாழ்க! கற்போர் பெருகுக!